உங்களுக்குத் தெரியுமா? மாரத்தான் ஓடும்போது உடம்பும் மனசும்

ஜனவரி மாதத்துச் சென்னையில் ஒரு ஞாயிறு. விடிய இன்னும் நேரம் இருக்கும்போதே கடற்கரைச் சாலையில் காலடிச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். ஐ.டி. ஊழியர், பள்ளி ஆசிரியை, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி என்று யார் யாரோ நெஞ்சில் ஓர் எண்ணைக் குத்திக்கொண்டு ஓடுவார்கள். பரிசு வாங்கப் போகிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். மற்றவர்கள் எதற்காக 42 கிலோமீட்டர் ஓடுகிறார்கள்? அவர்கள் உடம்புக்குள்ளும் மண்டைக்குள்ளும் என்ன நடக்கிறது? முந்தின நாளில் தொடங்கி வலி ஆறும் வாரம் வரை, கிலோமீட்டர் கிலோமீட்டராகப் பார்ப்போம்.

தொடக்கக் கோட்டுக்கு முன்

● 1896இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் நடந்த முதல் மாரத்தானின் தூரம் ஏறக்குறைய 40 கி.மீ.தான். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் கோட்டையில் தொடங்கி, அரங்கத்தில் அரச குடும்பம் அமர்ந்திருந்த இடத்துக்கு எதிரே முடியும்படி பாதை அமைத்தார்கள். அளந்து பார்த்தபோது வந்த தூரம் 42.195 கி.மீ. 1921இல் அதுவே உலகம் முழுவதற்கும் நிலையான தூரமாயிற்று. மனித உடம்பின் எல்லையைக் கணக்கிட்டு யாரும் இந்தத் தூரத்தை வகுக்கவில்லை. ஆனால் உடம்பில் சேர்த்து வைத்த சர்க்கரை தீர்ந்துபோகும் இடம் இந்தத் தூரத்துக்குள்தான் வருகிறது. எப்படி என்பதை 30ஆவது கிலோமீட்டரில் பார்ப்போம்.

● மாரத்தான் போர்க்களத்திலிருந்து ஏதென்ஸுக்கு ஓடிவந்து, வெற்றிச் செய்தி சொன்னதும் விழுந்து இறந்த வீரனின் கதை எல்லோருக்கும் தெரியும். அந்தப் போரைப் பற்றி எழுதிய மிகப் பழைய வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் இதைச் சொல்லவே இல்லை. உதவி கேட்டு ஏதென்ஸிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு, சுமார் 240 கி.மீ. ஓடிய பைடிப்பிடிஸைப் பற்றித்தான் அவர் எழுதியிருக்கிறார். ஓடி விழுந்து இறந்த கதை பல நூறு ஆண்டுகள் கழித்துச் சேர்ந்தது.

● மாரத்தானுக்கு 16 முதல் 20 வாரப் பயிற்சி வழக்கம். கடைசி இரண்டு மூன்று வாரங்களில் தூரத்தை நன்றாகக் குறைத்துவிட வேண்டும். தசைகளின் நுண்காயங்கள் ஆறுவதும், பயிற்சியின் பலன் உடம்பில் ஊறுவதும் இந்த ஓய்வில்தான். மனசு மட்டும் இதை ஏற்காது. ‘ஓடாமல் இருக்கிறோமே’ என்று பதறும். நேற்றுவரை இல்லாத முழங்கால் வலி இன்று இருப்பதுபோலத் தோன்றும். அனுபவப்பட்டவர்கள் இந்த நாட்களைப் பொறுமையின் பயிற்சி என்பார்கள்.

● கடைசி இரண்டு நாள் சோறு, இட்லி, உருளைக்கிழங்கு என்று மாவுச்சத்தைக் கூட்டிச் சாப்பிடுவார்கள். எடை பார்த்தால் ஒன்றிரண்டு கிலோ ஏறியிருக்கும். பயப்பட வேண்டாம், அது கொழுப்பில்லை. மாவுச்சத்து கிளைகோஜனாக மாறித் தசையில் சேரும்போது, ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஏறிய எடையில் பெரும்பங்கு ஓடும்போது உதவப்போகும் தண்ணீர்தான்.

● முந்தின இரவு தூக்கம் வராமல் புரள்பவர்கள் ஏராளம். ஓர் இரவு தூக்கம் கெடுவதால் ஓட்டம் பெரிதாகக் கெட்டுவிடாது. அதற்கு முந்தைய ஐந்தாறு இரவுகள் நன்றாகத் தூங்கியிருந்தால் போதும். இதைத் தெரிந்துகொண்டாலே பாதிப் பேருக்குத் தூக்கம் வந்துவிடும்.

● மூளை களைத்தால் கால் களைக்குமா? 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 16 பேரை 90 நிமிடம் கவனத்தைப் பிழியும் கணினி வேலையில் உட்கார வைத்தார்கள். பிறகு சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள். இதயமும் தசையும் வழக்கம்போலவே இயங்கின. ஆனால் ஓய்வாக இருந்துவிட்டு மிதித்த நாளைவிட 15 சதவீதம் முன்பே முடியவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். ஓட்டத்துக்கு முந்தின நாள் அலுவலகக் கணக்குகளை மூடிவைப்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

முதல் 10 கி.மீ.: எல்லாம் எளிது

● தொடக்கக் கோட்டில் சும்மா நிற்கும்போதே நாடி வேகமெடுத்துவிடும். அட்ரினலின் செய்யும் வேலை இது. காலில் புத்துணர்ச்சி, வயிற்றில் படபடப்பு, சுற்றிலும் கூட்டத்தின் ஆரவாரம். திட்டமிட்டதைவிட வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடுவதாகவே தோன்றும். மாரத்தானில் செய்யும் பெரும் தவறுகள் பலவும் இந்த முதல் ஐந்து கிலோமீட்டரில்தான் நிகழ்கின்றன. அதற்கான விலையைக் கொடுப்பது முப்பதுக்குப் பிறகு.

● தொடக்கத்திலேயே வேகமாக ஓடும் இந்த ஆசையைக் கட்டுப்படுத்துவதில் பெண்கள் கெட்டிக்காரர்கள். அமெரிக்காவின் 14 மாரத்தான்களில் ஓடிய சுமார் 92,000 பேரின் நேரங்களை அலசிய ஓர் ஆய்வில், இரண்டாம் பாதியில் ஆண்களின் வேகம் சராசரியாக 15.6 சதவீதம் குறைந்திருந்தது. பெண்களுக்கு 11.7 சதவீதம்தான். பெண்ணுடம்பு இவ்வளவு தூரம் தாங்காது என்று சொல்லி, 1984 வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தானே வைக்காமல் இருந்தார்கள் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். பெண்களுக்கான அந்த முதல் ஒலிம்பிக் மாரத்தானில் வென்ற அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட், தன் நாட்டின் தகுதிச் சுற்றுக்கு 17 நாள் முன்புதான் முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தார்.

● நம் உடம்பு நெடுந்தூரம் ஓடவே செதுக்கப்பட்டது என்கிறார்கள் சில விஞ்ஞானிகள். குதிகாலுக்கு மேலே வில் நாண்போல இருக்கும் தசைநாண், ஒவ்வோர் அடியிலும் விசையைச் சேமித்துத் திருப்பித் தருகிறது. ஓடும்போது தலை ஆடாமல் பிடித்துக்கொள்ள பிடரியில் ஒரு தசைநார் இருக்கிறது. உடம்பெங்கும் 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள். 2004இல் ‘நேச்சர்’ இதழில் இந்தக் கருத்து வெளிவந்தது. அதே ஆண்டு வேல்ஸ் நாட்டில், மனிதரும் குதிரையும் சுமார் 35 கி.மீ. ஓடும் போட்டியில் முதல்முறையாக ஒரு மனிதர் குதிரையை வென்றார். 1980இல் தொடங்கிய போட்டி அது.

● நான்கு மணி நேரத்தில் மாரத்தானை முடிப்பவர் ஏறக்குறைய 40,000 அடி எடுத்து வைக்கிறார். ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு பாரம் ஒற்றைக் காலில் இறங்குகிறது. நிமிடத்துக்கு 150 என்று வைத்துக்கொண்டாலும், அதற்குள் இதயம் 36,000 தடவை துடித்திருக்கும்.

10 முதல் 21 கி.மீ.: வெப்பமும் தண்ணீரும்

● உடம்பு எரிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெப்பமாகத்தான் வெளிப்படுகிறது. அதை வெளியேற்றாவிட்டால் சிறிது நேரத்திலேயே காய்ச்சல் அளவுக்குச் சூடு ஏறிவிடும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் வெளியேறும். ஆவியாக வேண்டும் என்பதுதான் இதில் நிபந்தனை. சென்னையின் ஈரக்காற்றில் வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். சொட்டும் வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை, தண்ணீர்தான் வீணாகிறது. 10 டிகிரிக் குளிரில் ஓடிய நேரத்தை நம் ஊரில் எதிர்பார்க்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

● வேகம் அதேதான், ஆனால் கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகிறதே என்று பலர் குழம்புவார்கள். வியர்த்து வியர்த்து ரத்தத்தின் அளவு குறைகிறது. இருக்கும் ரத்தத்தில் ஒரு பகுதி சூட்டைத் தணிக்கத் தோலுக்குப் போகிறது. மிச்சத்தை வைத்துக் கால்களுக்கு வேண்டியதை அனுப்ப இதயம் அதிகத் தடவை துடிக்க வேண்டியிருக்கிறது. வெயில் ஏறினால் வேகத்தைக் குறைப்பது கோழைத்தனம் ஆகாது. உடம்பு காட்டும் கணக்கைச் சரியாகப் படிப்பது அது.

● தண்ணீர் அதிகம் குடித்தாலும் ஆபத்து. 2002 போஸ்டன் மாரத்தானை முடித்த 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. ஓடும்போது எடை குறையாமல் கூடியவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம் இருந்தது. அதாவது, வியர்த்ததைவிட அதிகம் குடித்தவர்கள். சோடியம் மிகவும் குறைந்தால் மூளை வீங்கும், உயிருக்கே ஆபத்து. ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் கட்டாயம் குடித்தாக வேண்டும் என்றில்லை. தாகம் எடுத்தால் குடியுங்கள்.

● வியர்வையில் நாம் இழப்பது பெரும்பாலும் சோடியம். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. ஓடி முடித்தபின் இளநீர் தேவாமிர்தம்தான். ஆனால் உப்பை ஈடுகட்ட உப்புப் போட்ட மோரோ, உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சைச் சாறோ இன்னும் பொருத்தம். வெயிலில் உழைத்த நம் பாட்டன் பூட்டன் காலத்திலேயே மோரில் உப்புப் போட்டுத்தான் குடித்தார்கள்.

● ஓடும்போது ரத்தம் கால்களுக்கும் தோலுக்கும் திருப்பப்படுவதால், குடலுக்குப் போகும் ரத்தம் வெகுவாகக் குறைகிறது. வயிற்றைப் பிசைவதும் குமட்டுவதும் இதனால்தான். பந்தய நாளில் புதிதாக எதையும் வாயில் போடாதே என்பது ஓட்டக்காரர்களிடையே எழுதாத சட்டம். பயிற்சியில் ‘லாங் ரன்’ என்ற நெடுந்தூர ஓட்டம் ஓடும் நாட்களில் சாப்பிட்டுப் பழகிய வாழைப்பழமும் கடலைமிட்டாயும்தான் அன்றைக்கும்.

● நடுவில் எங்கோ ஒரு கணம் கால் இருப்பதே தெரியாமல், உலகமே இனிப்பதுபோல இருக்கும். அதற்குக் காரணம் உடம்பு சுரக்கும் எண்டார்ஃபின் என்றுதான் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 2021இல் ஜெர்மனியில் ஓர் ஆய்வு வந்தது. எண்டார்ஃபின் வேலை செய்யும் வழியை மருந்தால் அடைத்த பிறகு ஓடவிட்டார்கள். அப்போதும் அந்த மகிழ்ச்சி குறையவில்லை. இப்போது ஆய்வாளர்களின் பார்வை, ஓடும்போது உடம்பே சுரக்கும் வேறொரு பொருளின் மேல் இருக்கிறது. அதன் பெயர் அனந்தமைடு. நம் ‘ஆனந்தம்’ என்ற வடசொல்லிலிருந்துதான் விஞ்ஞானிகள் அதற்குப் பெயர் வைத்தார்கள்.

21 முதல் 30 கி.மீ.: தனிமை

● பாதையை அளந்தால் பாதித் தூரம் 21.1 கி.மீ. ஓடியவர்களைக் கேட்டால் பாதி என்பது 32ஆவது கிலோமீட்டர் என்பார்கள். கடைசிப் பத்து கிலோமீட்டருக்கு முதல் முப்பத்திரண்டுக்குச் சமமான மனபலம் வேண்டும் என்பது அதன் பொருள். ஹாஃப் மாரத்தான் ஓடுபவர்கள் பிரிந்து போனதும் சாலை வெறிச்சோடும். பேச்சு நிற்கும். தன் மூச்சுச் சத்தத்தோடு ஒருவர் தனியாக விடப்படும் இடம் இது.

● இனிப்பே தெரியாத மாவுச்சத்துக் கரைசலை வாயில் கொப்பளித்துத் துப்பினால் போதும், வேகம் கூடுகிறது! 2004இல் சைக்கிள் வீரர்களிடம் நடத்திய சோதனையில் அவர்களுடைய நேரம் ஏறக்குறைய 3 சதவீதம் மேம்பட்டது. ஒரு சொட்டுக்கூட வயிற்றுக்குள் போகவில்லை. ‘சாப்பாடு வருகிறது’ என்று நாக்கு அனுப்பிய சேதியிலேயே மூளை இறுக்கிப் பிடித்திருந்த கடிவாளத்தைத் தளர்த்திவிட்டது. பின்னால் வந்த மூளைப் படங்களும் இதை உறுதி செய்தன.

● விழுங்குவதற்கும் ஓர் அளவு உண்டு. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்தைத்தான் பெரும்பாலோரின் குடல் ஏற்கும். குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கலந்து கொடுத்தால் 90 கிராம் வரை போகலாம். இரண்டும் குடலுக்குள் நுழைய வெவ்வேறு வாசல்களைப் பயன்படுத்துவதால் நெரிசல் குறைகிறது. ஓட்டக்காரர்களுக்கென்று கடையில் விற்கும் பல இனிப்பு ஜெல்களில் இரண்டும் கலந்திருப்பதன் ரகசியம் இதுதான்.

30 முதல் 35 கி.மீ.: சுவர்

● இதோ அந்தக் கணக்கு. ஒரு கிலோ எடை ஒரு கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய ஒரு கிலோ கலோரி வேண்டும். 60 கிலோ எடையுள்ளவர் மாரத்தானை முடிக்கச் சுமார் 2,500. கல்லீரலும் தசையும் சேர்த்து வைத்திருக்கும் கிளைகோஜன் தருவதோ ஏறக்குறைய 2,000. உடம்பு கொஞ்சம் கொழுப்பையும் கலந்து எரித்துச் சமாளிக்கப் பார்க்கும். ஆனாலும் முப்பதைத் தாண்டியதும் சர்க்கரைக் கிடங்கு காலியாகிவிடும். ஓட்டக்காரர்கள் ‘சுவரில் மோதுவது’ என்று சொல்வது இதைத்தான்.

● பட்டினி கிடக்கும் உடம்பா இது? இல்லவே இல்லை. அதே 60 கிலோ ஆள் ஒல்லியாக இருந்து, கொழுப்பு ஆறு கிலோதான் என்றாலும், அதில் 46,000 கிலோ கலோரி இருக்கிறது. பதினைந்து மாரத்தானுக்கு மேல் ஓடலாம்! ஆனால் கொழுப்பு மெதுவாக எரியும் விறகு. அதை எரிக்க ஆக்சிஜனும் அதிகம் வேண்டும். அதனால்தான் சுவரில் மோதியவர் விழுந்துவிடுவதில்லை, வேகம் மட்டும் சட்டென்று சரிந்துவிடுகிறது. குதிர் நிறைய நெல் இருக்கிறது, குத்தி எடுக்கத்தான் நேரமில்லை.

● சுவர் காலுக்கு மட்டும் வருவதில்லை. ரத்தத்தில் சர்க்கரை குறைந்தால் முதலில் முறையிடுவது மூளைதான். 42இலிருந்து 33ஐக் கழித்தால் எத்தனை என்று தெரியாமல் விழிப்பவர்கள் உண்டு. காரணமே இல்லாமல் அழுகை வரும். கைதட்டி உற்சாகப்படுத்துகிறவர் மேல் எரிச்சல் வரும். எதற்காக ஓடுகிறோம் என்ற கேள்வி எழும், பதிலும் கிடைக்காது. அந்த நேரத்தில் மனசு சொல்வதை உங்கள் குணத்தைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சர்க்கரை குறைந்ததன் புலம்பல் அது.

● 2025இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் மாரத்தான் ஓடிய 10 பேரின் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். நரம்பிழைகளைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் மயலின் என்ற கொழுப்புறை, சில பகுதிகளில் குறைந்ததற்கான அறிகுறி தெரிந்தது. வேறு எரிபொருள் இல்லாதபோது மூளை அதையே கொஞ்சம் எடுத்துக்கொள்ளக்கூடும் என்பது அவர்கள் கருத்து. இரண்டு மாதத்தில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது.

● ‘இனி ஓர் அடிகூட முடியாது’ என்று 38ஆவது கிலோமீட்டரில் சொன்ன அதே கால்கள், முடிவுக்கோட்டைக் கண்டதும் பாய்ந்து ஓடுவது எப்படி? இந்தக் கேள்வியிலிருந்து தென்னாப்பிரிக்க விஞ்ஞானி டிம் நோக்ஸ் ஒரு விளக்கம் சொன்னார். உடம்பு நிஜமாகவே தீர்ந்துபோகும் முன்பே மூளை எச்சரிக்கையாகக் கடிவாளத்தை இழுக்கிறது. களைப்பு என்பது அந்தக் கடிவாளத்தின் உணர்வு. முடிவு கண்ணில் பட்டதும் மூளை விட்டுக்கொடுக்கிறது. இதை எல்லா விஞ்ஞானிகளும் ஏற்கவில்லை. ஆனால் ஓடிய ஒவ்வொருவரும் அந்தக் கடைசிப் பாய்ச்சலைத் தன் காலில் உணர்ந்திருப்பார்.

35 முதல் 42 கி.மீ.: மனசின் வேலை

● தனக்குத் தானே பேசிக்கொள்வது வீண்வேலை என்று நினைக்காதீர்கள். 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ‘நன்றாகத்தான் போகிறாய்’, ‘தாங்கிவிடுவாய்’ என்பதுபோன்ற வாக்கியங்களைத் தாங்களே தேர்ந்தெடுத்து இரண்டு வாரம் பழகியவர்கள், களைத்து நிறுத்தும்வரை சைக்கிள் மிதித்த நேரம் 18 சதவீதம் கூடியது. வாக்கியம் அவரவருடையதாக இருக்க வேண்டும், பயிற்சியிலேயே பழகியிருக்க வேண்டும். அம்மாவின் பெயரைச் சொல்லி ஓடுபவர்களும், முருகா முருகா என்று மூச்சுக்கு மூச்சு சொல்பவர்களும் ஆய்வு எதையும் படித்துவிட்டா கண்டுபிடித்தார்கள்?

● கென்யாவின் எலியுட் கிப்சோகே வலி கூடும்போது புன்னகைப்பார். 2019 அக்டோபரில் வியன்னாவில், சாதனைப் பட்டியலில் சேராத ஒரு சிறப்பு ஓட்டத்தில் 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் 42.195 கி.மீ. ஓடி, இரண்டு மணி நேரத்துக்குள் அந்தத் தூரத்தை முடித்த முதல் மனிதர் அவர். முகத்தில் புன்னகையோடு ஓடினால் அதே வேகத்துக்குச் செலவாகும் ஆக்சிஜன் சற்றுக் குறைகிறது என்று 24 பேரை வைத்து நடத்திய ஓர் ஆய்வு சொல்கிறது. முகம் இறுகினால் தோள் இறுகும், தோள் இறுகினால் ஓட்டமே இறுகும்.

● மாரத்தானை முடித்த சுமார் 98 லட்சம் பேரின் நேரங்களைப் பொருளியல் அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். 3 மணி, 4 மணி போன்ற முழு எண்களுக்குச் சற்று முன்பாகக் கூட்டம் மொய்த்திருந்தது. 4 மணி 1 நிமிடத்தில் முடித்தவர்களைவிட 3 மணி 59 நிமிடத்தில் முடித்தவர்கள் மிக அதிகம். உடம்புக்கு அந்த இரண்டு நிமிடத்தில் எந்த வேறுபாடும் தெரியாது. மனசுக்கு இலக்கு என்று ஒன்று இருந்தால், காலியான கிடங்கிலும் கொஞ்சம் தேடி எடுக்கிறது.

● எல்லாக் களைப்பையும் மனசால் தள்ளிவிட முடியாது, தள்ளவும் கூடாது. 1954இல் வான்கூவரில் நடந்த மாரத்தானில் இங்கிலாந்தின் ஜிம் பீட்டர்ஸ் சுமார் 17 நிமிட முன்னிலையோடு அரங்கத்துக்குள் நுழைந்தார். வெப்பம் மூளையைத் தாக்கியிருந்தது. விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். முடிவுக்கோட்டைத் தொடாமலே தூக்கிச் செல்லப்பட்டார். உயிர் பிழைத்தார், பிறகு பந்தயத்தில் ஓடவேயில்லை. நெஞ்சு வலி, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது, வெயிலில் உடம்பு சிலிர்ப்பது, இருக்கும் இடம் தெரியாமல் போவது: இவற்றில் ஒன்று வந்தாலும் அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். பக்கத்தில் ஓடுபவரிடம் இவற்றைக் கண்டால் உங்கள் நேரத்தை மறந்துவிட்டு அவரை நிறுத்துங்கள்.

● பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை ஹாஃப், ஃபுல் மாரத்தான்களில் ஓடிய 1 கோடியே 9 லட்சம் பேரில் 59 பேருக்கு இதயத்துடிப்பு நின்றது. 1,84,000 பேருக்கு ஒருவர் என்ற கணக்கு. இதய நோய் இருப்பது தெரியாமல் ஓடியவர்கள் அவர்களில் பலர். நாற்பதைத் தாண்டியவர்களும், குடும்பத்தில் இதய நோய் உள்ளவர்களும் பயிற்சி தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

● 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக். பரிசளிப்பு முடிந்து, இருட்டிய அரங்கத்தில் மிச்சமிருந்த சிலருக்கு முன்னால், முழங்காலில் கட்டோடு நொண்டியபடி வந்து சேர்ந்தார் தான்சானியாவின் ஜான் ஸ்டீபன் அக்வாரி. வென்றவர் முடித்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. தன் நாடு தன்னை அனுப்பியது ஓட்டத்தைத் தொடங்க மட்டுமல்ல, முடிக்கவும்தான் என்ற பொருளில் அவர் பேசியது இன்றும் நினைவுகூரப்படுகிறது. அன்று வென்றவர் மாமோ வோல்டே. அந்தப் பெயரைவிட அக்வாரியின் பெயர்தான் இன்று பலருக்குத் தெரியும்.

முடிவுக்கோட்டுக்கு அப்பால்

● ஓடி முடித்து மயங்கி விழுபவர்களில் பெரும்பாலோர் விழுவது கோட்டைத் தாண்டிய பிறகுதான். ஓடும்போது கெண்டைக்கால் தசைகள் ரத்தத்தை மேலே தள்ளும் பம்புபோல வேலை செய்கின்றன. சட்டென்று நின்றால் பம்பும் நின்றுவிடும். ரத்தம் காலிலேயே தேங்கி, மூளைக்குப் போவது குறையும். பதக்கம் வாங்கிய கையோடு உட்காராதீர்கள், பத்து நிமிடம் நடங்கள். விழுந்தவரைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்திப் பிடித்தால் பெரும்பாலும் சிறிது நேரத்தில் தெளிந்துவிடுவார்.

● மாரத்தான் ஓடியவர் தற்காலிகமாகச் சுமார் 1 செ.மீ. குள்ளமாகிவிடலாம். முதுகெலும்பின் வட்டுகள் அழுந்தி நீரை இழப்பதே காரணம். இரவு படுத்து எழுந்தால் உயரம் திரும்பிவிடும். காலணியில் இடித்து இடித்துக் கறுத்த கால் நகம் திரும்ப மாதக்கணக்காகும். ஓடும்போது பாதம் வீங்கும் என்பதால், கட்டைவிரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டுத்தான் காலணி வாங்க வேண்டும்.

● மாரடைப்பைக் கண்டுபிடிக்க ரத்தத்தில் தேடும் ட்ரோபோனின், மாரடைப்பே இல்லாத பல ஓட்டக்காரர்களுக்கும் மாரத்தான் முடித்தவுடன் உயர்ந்திருக்கும். ஓரிரு நாளில் இறங்கிவிடும். சிறுநீரகமும் அன்றைக்குத் திணறும். வலி தெரியாமல் ஓட நினைத்து வலி மாத்திரை போட்டுக்கொள்வது அந்தச் சிறுநீரகத்தின் மேல் இன்னொரு மூட்டையை ஏற்றுவதாகும். தயவுசெய்து வேண்டாம்.

● மறுநாள் மாடிப்படி ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமை. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டும். அந்த வகை வேலையில்தான் நேற்று அது அதிகம் காயப்பட்டது. வலி ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு தணியும். கைப்பிடியைப் பற்றியபடி பின்பக்கமாக இறங்குபவரைக் கண்டால், நேற்று ஓடியவர் என்று அறிக.

● வலி போனபின் சிலருக்கு ஒரு வெறுமை வரும். நாலைந்து மாதம் காலை நாலு மணிக்கு எழுப்பிய இலக்கு திடீரென்று இல்லாமல் போகிறதே! இது பலருக்கும் வருவது, பலவீனம் என்று நினைக்க வேண்டாம். நண்பர்களோடு மெதுவாக நடக்கத் தொடங்கினாலே விலகத் தொடங்கும்.

● பட்ட வலி எவ்வளவு என்று மனசு சரியாக நினைவில் வைக்குமா? போலந்தில் 62 மாரத்தான் ஓட்டக்காரர்களிடம், முடித்தவுடன் ஒரு முறையும், மூன்று அல்லது ஆறு மாதம் கழித்து மறுமுறையும் கேட்டார்கள். பிற்பாடு அவர்கள் நினைவிலிருந்து சொன்ன வலி, அன்று பட்டதைவிடக் குறைவாக இருந்தது. ‘இனி ஜென்மத்துக்கும் ஓட மாட்டேன்’ என்று சத்தியம் செய்தவர் அடுத்த ஆண்டும் பெயர் கொடுப்பதன் காரணம் இதில் இருக்கிறது.

● கடைசியாக, ஒரே பந்தயத்தில் ஓடிய இருவர். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் கடும் வெயிலில் மாரத்தான் நடந்தது. ஓடியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரால் முடிக்க முடியவில்லை. போர்ச்சுகலின் ஃபிரான்சிஸ்கோ லாசரோ வெயில் தாக்காமலிருக்க உடம்பில் மெழுகு பூசிக்கொண்டு ஓடியதாகச் சொல்வார்கள். வியர்வை வெளியேற வழியில்லாமல், சுமார் முப்பதாவது கிலோமீட்டரில் விழுந்தார். மறுநாள் இறந்தார். ஜப்பானின் ஷிசோ கனகுரியும் அதே வெயிலில் தள்ளாடினார். அவர் நின்றார். வழியோரத்து வீடொன்றில் குடிக்க வாங்கி இளைப்பாறினார், யாரிடமும் சொல்லாமல் ஊர் திரும்பினார். தோற்றோமே என்று வெட்கப்பட்டார். ஆனால் பிறகு இன்னும் இரண்டு ஒலிம்பிக்கில் ஓடினார், ஜப்பானிய மாரத்தானின் தந்தை என்று பெயரெடுத்தார். 1967இல் ஸ்டாக்ஹோம் அவரைத் திரும்ப அழைத்தது. 75 வயதில், விட்ட ஓட்டத்தின் முடிவுக்கோட்டைத் தாண்டினார். அறிவிக்கப்பட்ட நேரம்: 54 ஆண்டுகள், 8 மாதங்கள், 6 நாட்கள், 5 மணி, 32 நிமிடம், 20.3 விநாடி. உடம்பு ‘நில்’ என்றபோது நின்றதால்தான் அந்தக் கோடு அவருக்காகக் காத்திருந்தது.